பாடி சரியில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர்
18–1–1938

அன்பு மிகுந்த ஏசம்மாள் அக்காளுக்கு,

தம்பி சத்தியநேசன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான் இங்கே சுகம். ராஜபாளையத்தில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். சின்னவனுக்கு வந்திருந்த கக்குவான் இருமல் நின்றதா?

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் உங்கள் ஊர் வந்துவிடும். ஆனாலும் நமக்குக் கடிதம்தான் என்று ஆகிவிட்டது. நாடக நோட்டீஸில் ‘ஸ்திரீபார்ட் சத்தியநேசன்’ என்று போட்டதைப் பார்த்துவிட்டு, இனி என் வீட்டுப் படி ஏறாதே என்று அத்தான் சொன்னார்கள். நாடகக் கம்பெனியை விட்டு பீர் மைதீன் ராவுத்தர் ஜவுளிக்கடையில் சேர்ந்த பிறகும் அந்தச் சொல்லை நான் மீறவில்லை.

உன்னிடம் ஒரு உதவி. கடையில் வேலை பார்த்தாலும் எப்போதாவது நாடகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இப்போதும் ஒரு பெண் வேஷம். ரவிக்கைக்கு உள்ளே போடுகிற பாடி ஒன்று வேண்டும். ராஜாக்கள் வீட்டுப் பெண்களுக்கு நீ தைத்துக் கொடுக்கிறாயே, அதுதான். இங்கே தையல்காரரிடம் கேட்டால் ஊர் முழுக்கச் சிரிக்கும். அளவெல்லாம் வேண்டாம், உன் அளவுக்கே தைத்துவிடு. அத்தானுக்குத் தெரிய வேண்டாம்.

உன் தம்பி,
சத்தியநேசன்


ராஜபாளையம்
4–2–1938

பிரிய தம்பிக்கு,

அக்காள் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்கு இருமல் நின்று இப்போது வீடு தாங்காத ஆட்டம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

என் அளவுக்கே தைக்கச் சொல்கிறாய். நான் இரண்டு பிள்ளை பெற்றவள், நீ முருங்கைக்காய். அப்படியே என் அளவில் தைத்தால் உன் பாடிக்குள் இன்னொரு ஆள் குடியிருக்கலாம். கொஞ்சம் சுருக்கித்தான் வெட்டியிருக்கிறேன். மல் துணி, முதுகில் கொக்கி, தோளில் பட்டை. இலவம் பஞ்சு அடைத்து இரண்டு சின்னப் பையும் செய்து வைத்திருக்கிறேன். நாடகம் பார்க்கிறவன் கடைசி வரிசையில் இருந்தாலும் குறை சொல்லக் கூடாது.

உங்கள் ஊரிலிருந்து நெய் விற்க வருகிற வெள்ளத்தாயிடம் பொட்டலத்தைக் கொடுத்தனுப்புகிறேன். இனி நம் பொட்டலத்துக்கெல்லாம் அவள்தான் தபால்காரி. என்ன என்று கேட்டாள். தலையணை உறை என்றேன். தபாலாபீசை விட அவள் வாய்தான் எனக்குப் பயம்.

என்ன நாடகம், என்ன வேஷம் என்று எழுது. உன் அத்தானிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி அலுத்து வருகிறவர்களிடம் இதையும் ஏன் கலக்க வேண்டும்?

உன் அக்காள்,
ஏசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20–2–1938

அன்புள்ள அக்காளுக்கு,

சுகம். உங்கள் சுகமும் வெள்ளத்தாய் சொல்லித் தெரிந்தது. கடையில் கல்யாணக் கூட்டம், நிற்க நேரமில்லை.

நீ பட்ட பாட்டுக்கு நல்ல வார்த்தை எழுத ஆசைதான். ஆனால் பாடி சேரவில்லை. முதுகில் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தோள்பட்டை ஏற மாட்டேன் என்கிறது. முன்பக்கம் மட்டும் ஆளில்லாத வீடு. நூலை வைத்து என்னை நானே அளந்து பார்த்தேன். முதுகுப் பக்கம் போகும்போது நூல் நழுவிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு வருகிறது.

பஞ்சுப் பை இரண்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது வேண்டாம் அக்கா. பஞ்சு இல்லாமல் என் உடம்போடு உடம்பாகச் சரியாக உட்கார்ந்தால் போதும்.

நாடகம் இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் எழுதுகிறேன்.

தம்பி,
சத்தியநேசன்


ராஜபாளையம்
9–3–1938

தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

பஞ்சுப் பையைத் திருப்பி அனுப்பிய ஸ்திரீபார்ட்டை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். வெள்ளத்தாயிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். “நாடகக் கொட்டகையைப் பிரிச்சு எம்புட்டு நாளாச்சு. இப்ப பொம்பள வேசத்துக்குப் பொம்பளையே வந்துட்டாளுவ. ஒந்தம்பி கடையை விட்டு எங்க போறான்?” என்றாள்.

நாடகம் எங்கே நடக்கிறது என்று நான் இரண்டாம் தடவை கேட்கிறேன். எதுவானாலும் சொல்லு. திட்டினாலும் திட்டுவேன், ஆனால் உன்னை விட்டுவிட மாட்டேன். பொய் மட்டும் எழுதாதே.

அக்காள்,
ஏசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17–3–1938

அன்புள்ள அக்காளுக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நாடகம் ஒன்றும் இல்லை. பாடி எனக்குத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குக் கடையை அடைத்துவிட்டு ராவுத்தர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். கடைக்குப் பின்னால் என் அறை. அந்த நேரம் நான் சேலை கட்டிக்கொண்டு கடைக் கண்ணாடி முன்னால் நிற்பேன். பவுடர் கிடையாது, பாட்டு கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது. செத்த நேரம் அப்படியே உட்கார்ந்து ஏதாவது படிப்பேன். அவ்வளவுதான் நான் செய்கிற குற்றம். கம்பெனியில் வேஷம் கலைத்ததும் மற்றவர்கள் அப்பாடா என்பார்கள். எனக்கு மட்டும் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்காதே.

கம்பெனிப் பாடி எல்லாருக்கும் பொது. இருக்கிறவன் இல்லாதவன் எல்லாரும் பஞ்சை அடைத்து இழுத்துக் கட்டிக்கொள்வோம். எனக்கென்று அளவெடுத்துத் தைத்த ஒன்று என் உடம்பில் பட்டதே இல்லை. அது ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

வெட்கமாக இருந்தால் பதில் எழுத வேண்டாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உன் தம்பி,
சத்தியநேசன்


ராஜபாளையம்
12–6–1938

பிரிய தம்பிக்கு,

அக்காள் ஆசீர்வாதம். பிள்ளைகள் சுகம். இங்கே வெயில் சொல்லி முடியாது. நீ மோர் குடி.

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. முதலில் கோபம். பிறகு உனக்காகப் பயம். யாராவது பார்த்தால் அடித்துப் போட்டுவிடுவார்களே. பிறகு ஒருநாள், உன் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டிருக்கும்போது, நடுவிலேயே பாடியின் முன்பக்கத்தில் துணியை மடித்துத் தைக்கிற பிடிப்பை எப்படி மாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சரி, என் மனசு எந்தப் பக்கம் என்று எனக்கே தெரிந்துபோயிற்று.

இனி தையல் விஷயம். எந்தப் பெண் வந்தாலும் நான் முதலில் கேட்பது அளவு ரவிக்கைதான். ஏற்கெனவே சரியாக இருக்கிற ஒன்றைக் கொடுத்தால் அதை வைத்து வெட்டிவிடலாம். உனக்கு அளவு பாடிக்கு நான் எங்கே போவேன்? சரியாக இருந்தது என்று ஒன்றுமே உனக்கு இருந்ததில்லை என்று நீ எழுதியது என்னைப் போட்டு வாட்டுகிறது. நீ விட்டுப்போன பழைய சட்டை ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதை விரித்துப் போட்டு, தளர்வைக் குறைத்து, பிடிப்பைச் சின்னதாக்கி, பஞ்சு இல்லாமல் தைத்திருக்கிறேன். நெய்க்காரியிடம் பொட்டலம் வரும்.

எப்படி இருக்கிறது என்று கார்டில் எழுது. ஒட்டிய கவராக வந்தால் என்ன ரகசியம் என்று உன் அத்தான் கேட்கிறார்கள். கார்டு என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கு மட்டும் விளங்குகிற மாதிரி சுருக்கமாக எழுதிப் போடு.

உன் அக்காள்,
ஏசம்மாள்


(கார்டு)
ஸ்ரீவில்லிபுத்தூர்
28–6–1938

அக்காளுக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் சுகந்தானே? நீ ஆசைப்பட்டபடி இல்லை. பாடி சரியில்லை. நெஞ்சைச் சுற்றி ஒரே இறுக்கம். கையைத் தூக்கினால் மூச்சு முட்டுகிறது. தோள்பட்டையில் அறுக்கிற மாதிரி வலி. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பொறுத்துக்கொள்கிறேன். இனி எப்படியோ, உன் கையில்தான் இருக்கிறது. – சத்தியநேசன்


ராஜபாளையம்
11–7–1938

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று ஊரே சொல்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் தண்ணீருக்குப் போயிருந்தேன். கார்டு உன் அத்தான் கையில் கிடைத்துவிட்டது. திரும்பி வந்தால் முகம் வெளிறி நிற்கிறார்கள். “ஏசம்மா, ஒந்தம்பி எழுதியிருக்கதைப் பாத்தியா? பாடி சரியில்லங்கான். நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டு. இது காச வியாதிக்குத் தொடக்கம்லா” என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரும் கம்பவுண்டரும் உடம்பைத்தான் பாடி என்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கார்டில் எழுது என்று சொன்ன என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும். இல்லை, அது தையல் சமாசாரம் என்று எப்படிச் சொல்வேன்?

அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உபதேசியார் எழுந்து, “எங்கள் சகோதரன் சத்தியநேசனுடைய நெஞ்சின் இறுக்கத்தைத் தளர்த்தும், ஆண்டவரே” என்று ஜெபம் பண்ணினார். சபை முழுக்க ஆமென் என்றது. நான் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு குலுங்கினேன். அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது தம்பி. ஆனால் நாலு வருஷமாக உன் பேரை வாயால் சொல்லாத உன் அத்தான், முழங்கால் போட்டு, உன் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டதைப் பார்த்ததும் நிஜமாகவே அழுதுவிட்டேன்.

மீன் எண்ணெய் ஒரு புட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். உன்னை நேரில் பார்க்க வருகிறார்கள். எந்த நாள் என்று எனக்குச் சொல்லவில்லை. டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழலையும் என் மிஷின் டிராயரில் இருந்த டேப்பையும் பையில் போட்டிருக்கிறார்கள். நெஞ்சு எவ்வளவு விரிகிறது என்று அளந்து பார்த்தால் சுவாசப்பை கெட்டிருக்கிறதா என்று தெரியுமாம்.

அதைக் கண்ணில் படாமல் எங்காவது ஒளித்து வை. இருமச் சொன்னால் இருமு.

அக்காள்,
ஏசம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24–7–1938

அன்புள்ள அக்காளுக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம். அத்தான் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார்கள்.

எந்த நாளில் வரக் கூடாதோ அந்த நாளில்தான் வந்தார்கள். வெள்ளிக்கிழமை. கடை அடைத்திருந்தது. நான் நீ தைத்ததைப் போட்டுக்கொண்டு, சேலையை எடுக்கிற நேரம். பின்கதவு தட்டுகிற சத்தம். “ஏலே, சத்தியநேசா” என்ற குரல். நாலு வருஷமாகக் கேட்காத குரல் என்றாலும் தெரியாதா? கொக்கியைக் கழற்றவில்லை, பிய்த்தேன். சுருட்டித் துணி மூட்டைகளுக்கு நடுவே திணித்துவிட்டுச் சட்டையை மாட்டிக் கதவைத் திறந்தேன்.

“எம்புட்டு நாளா இப்படி இருக்கு? ஏன் எனக்கு ஒரு வார்த்தை எழுதல?” என்றார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.

அக்கா, அந்த இறுக்கம் உனக்குத் தெரியும். இரண்டு தோளிலும் பட்டை பதிந்த இடம் சிவந்து கிடந்தது. நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டிய மாதிரி ஒரு வரி. முதுகில் கொக்கி அழுத்திய தடம். அத்தான் குழலை வைத்துக் கேட்டார்கள். பிறகு தோளைப் பார்த்தார்கள். அந்தச் சிவப்பின் மேல் விரலை வைத்து, “இது என்னலே?” என்றார்கள்.

“மூட்டை தூக்குனேன், அத்தான்” என்றேன்.

ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார்கள். என்னை அடிக்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன். திரும்பி வந்து டேப்பை எடுத்து நெஞ்சை அளந்தார்கள். மூச்சை இழுக்கச் சொல்லி ஒரு தடவை, விடச் சொல்லி ஒரு தடவை. பிறகு டேப்பைக் கொஞ்சம் கீழே இறக்கி அங்கே ஒரு தடவை. தோளிலிருந்தும் ஒரு அளவு. எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்கள்.

“நெஞ்சுல ஒண்ணுமில்ல. பயப்படாத. சாப்புட்டியா?” என்றார்கள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இட்லி சாப்பிட்டோம்.

அவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் ஏதாவது சொன்னார்களா?

தம்பி,
சத்தியநேசன்


ராஜபாளையம்
15–8–1938

பிரிய தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உனக்கென்று எடுத்து வைத்த மீன் எண்ணெயைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தேன், இரண்டு பேரும் தெருவில் ஓடி ஒளிந்தார்கள்.

உன் அத்தான் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று வந்ததும் டேப்பை டிராயரில் வைத்தார்கள். பிறகு அந்தத் துண்டுக் காகிதத்தை மிஷின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் கத்திரிக்கோலை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்கள். நெஞ்சு முப்பத்துமூன்று, மூச்சு இழுத்தால் முப்பத்தைந்து, கீழே முப்பது என்று அவர்கள் கையெழுத்தில் இருந்தது. இதை எதற்கு என்னிடம் வைக்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் தொடவும் இல்லை. காகிதம் அதே இடத்தில் இருந்தது. அவர்களும் எடுக்கவில்லை.

பிறகு வெட்டினேன். என் தப்பு எது என்று அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. என்னிடம் அளவு கொடுக்கிற பெண்கள் வெட்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நானும் அப்படியே அளந்து, மூச்சுக்கு இடம் விடாமல் வெட்டிப் பழகிவிட்டேன். ராஜாக்கள் வீட்டுப் பெண்கள் எல்லாம் இத்தனை நாள் என் தையலில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தார்களோ என்னவோ. உனக்கு மூச்சு இழுத்த அளவுக்கு வெட்டியிருக்கிறேன். கொக்கியில் இரண்டு வரிசை வைத்திருக்கிறேன். தோள் பட்டை அகலம், அறுக்காது. முன்பக்கம் தட்டையாகத்தான் இருக்கும், ஆனால் உன் உடம்பில் அழகாக உட்காரும்.

பிறந்த நாளிலிருந்து உனக்கு எத்தனையோ தைத்துப் போட்டிருக்கிறேன். இதைத் தைக்கும்போது இருந்த சந்தோஷம் வேறு எதற்கும் இருந்ததில்லை.

உன் அக்காள்,
ஏசம்மாள்


(கார்டு)
ஸ்ரீவில்லிபுத்தூர்
27–8–1938

அத்தானுக்கும் அக்காளுக்கும் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். பாடி இப்போது ரொம்பச் சரியாக இருக்கிறது. இறுக்கம் இல்லை. கையைத் தூக்கினாலும் மூச்சு தாராளமாக வருகிறது. வெள்ளிக்கிழமை கண்ணாடியில் பார்த்தேன், எனக்கே கண் நிறைந்தது. உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வேன். – சத்தியநேசன்


ராஜபாளையம்
11–9–1938

தம்பி சத்தியநேசனுக்கு,

அருளப்பன் எழுதுவது. வீட்டில் அனைவரும் க்ஷேமம். உன் கார்டு கிடைத்தது. இதை ஒட்டிய கவரில் போடுகிறேன். உன் அக்காவுக்கு நான் எழுதுவது தெரியாது.

ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக உடம்புகளைப் பார்த்துவருகிறேன். மூட்டை தூக்கினால் தோளில் அப்படிச் சிவக்காது. எந்த வியாதிக்கும் அப்படி ஒரு வரி நெஞ்சைச் சுற்றி வராது. அதே தடத்தை அதே இடத்தில் உன் அக்காவின் முதுகில் பார்த்திருக்கிறேன். உன் ஜன்னல் பக்கம் நின்றபோது அந்தக் கார்டை மனசுக்குள் இன்னொரு தரம் படித்துப் பார்த்தேன். பாடி என்றால் எது என்று அப்போது தெரிந்தது. நெஞ்சு விரிவு பார்க்க மூச்சு இழுத்து ஒரு அளவும் விட்டு ஒரு அளவும் போதும். மார்புக்குக் கீழே அளப்பது எங்கள் வைத்தியத்தில் இல்லை. அதை உன் அக்காவுக்காக எடுத்தேன்.

இது எனக்கு விளங்குகிறது என்று எழுதினால் பொய். விளங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கோபமாகவும் இருந்தது. ஆனால் உனக்கு வியாதி என்று நினைத்திருந்த நாட்களில், நீ செத்துப்போனால் நாலு வருஷத்தை யாரிடம் திருப்பிக் கேட்பேன் என்று தூக்கம் இல்லாமல் கிடந்தவன் நான். வியாதி இல்லை என்று தெரிந்தபோது கோபத்தை விடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சத்தியநேசன் எப்படி இருக்கிறான் என்று சபையில் வாரந்தோறும் கேட்கிறார்கள். சுகப்பட்டுவிட்டான் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அசனம், சபை முழுக்கச் சேர்ந்து சாப்பாடு. உன்னைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சனிக்கிழமையே வந்துவிடு. படி ஏறாதே என்று சொன்னது நான்தான், ஏறு என்று சொல்வதும் நான்தான்.

வரும்போது அதைப் போட்டுக்கொண்டே வா. மேலே சட்டை இருக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. தையல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று உன் அக்கா ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அந்த நேரம் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விட்டு வருகிறேன்.

உன் அத்தான்,
அருளப்பன்